களிம்பு

என் மேசை லாச்சிக்குள் ஒரு சாண் நீளச் சிவப்பு வயர்த் துண்டு கிடக்கிறது. 2005ஆம் ஆண்டு கார்த்திகை மழைக்குள் ஒரு வானிலிருந்து வெட்டி எடுத்தேன். மேலே பார்த்தால் இன்றைக்குக் கடையில் வாங்கியது போல இருக்கும். உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தால் உள்ளே செம்பு இல்லை. கறுப்பும் பச்சையும் கலந்த தூள்தான் கொட்டும். நடுவில் மயிர் போல மூன்று நான்கு இழைகள் மிஞ்சியிருக்கின்றன. அந்த வானின் கரண்ட் முழுவதும் அந்த இழைகளில்தான் போய்வந்தது. சில நாள் போனது, சில நாள் போகவில்லை.

வேலை பழக வரும் பெடியங்களுக்கு முதல் நாள் நான் காட்டுவது இதைத்தான். வாகனத்தில் கரண்ட் அடியோடு நின்றுவிட்டால் காரணத்தைக் கண்டுபிடிப்பது லேசு. வந்து வந்து போகிற கரண்ட்தான் ஆளை வாட்டும். நடுறோட்டில் லைட், கோர்ன், எஞ்சின் எல்லாம் ஒன்றாகச் சாகும். தள்ளி ஓரத்தில் விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதது போல உயிர்க்கும். கராஜுக்குக் கொண்டுவந்தால் நாள் முழுக்க நின்று பிழையின்றி வேலை செய்யும். உரிமையாளர் பொய் சொல்கிறார் என்று கூட நினைக்கத் தோன்றும். அவர் பொய் சொல்வதில்லை. இத்தனை வருடத்தில் அப்படிப் பொய் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. கோட்டையைப் பற்றி, அட்மிரல்களைப் பற்றி, சீனன்குடாவில் நிற்கும் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதே துறைமுகத்தின் உப்புக்காற்றில் வாகன வயரிங் செய்து பிழைத்தவர்களைப் பற்றி எழுத எவரும் முன்வரவில்லை. 1968இல் 14 வயதில் இந்தத் தொழிலுக்குள் வந்தவன் நான். அறிந்ததை எழுதி வைக்கிறேன்.

எனக்கு வேலை பழக்கிய பெரியவர் டொக்யார்டில் வயர்மனாக இருந்தவர். உலகப் போர்க் காலத்தில் இளந்தாரியாக உள்ளே போனவர். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. அன்றைக்கே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் தாண்டது. ஒரு யப்பான் விமானம் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்து எரிந்த இடத்தை இன்றும் பார்க்கலாம். பெரியவர் இந்தக் கதையைச் சொல்லும்போது குண்டுகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். தாக்குதலுக்குப் பிறகு நனைந்து ஊறிப்போன வயர்களை எப்படிப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, மறுபடி ஈயம் பத்தவைத்தார்கள் என்பதைத்தான் மணிக்கணக்காகச் சொல்லுவார்.

கப்பலுக்கு இழுக்கும் வயரில் வெறும் செம்பு இருக்காது, ஈயம் பூசிய செம்பு இருக்கும் என்பதை அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பூட்டியிருப்பார்கள். கடல் நீர் அந்தக் கட்டியைத் தின்னும், கப்பலை விட்டுவிடும். இந்த வித்தைக்கு ஆதாரமான உண்மையை ஹம்ப்ரி டேவி என்ற விஞ்ஞானி 1824இல் பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கண்டுபிடித்தார். கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடு கடல் நீரில் அரிந்துபோகாமல் இருக்க, அதோடு துத்தநாகத்தையோ இரும்பையோ தொடுத்துவிடச் சொன்னார். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அதுவே ஒரு பற்றரி; ஒன்று கரைந்து மற்றதைக் காப்பாற்றும். பெரியவர் டேவியின் பெயரை அறிந்திருக்கவில்லை. ஆனால் அந்த உண்மை அவர் கைவிரலில் இருந்தது.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. சீனன்குடா விமானத் தளமும் கைமாறியது. சுதந்திர நாட்டுக்கு அது பெருமையான காரியம்தான். ஆனால் டொக்யார்டில் கைத்தொழில் பார்த்தவர்களின் வீட்டில் அன்று அடுப்பு எரியாத கவலை. வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர்கள் 400க்கு மேற்பட்டோரைப் பொலன்னறுவைப் பக்கம் குடியேற்றலாம் என்று ஒரு பேச்சு எழுந்து, அதற்கு எதிர்ப்புக் கிளம்பி, 1958 கலவரத்துக்கு முந்திய பதற்றத்தில் அதுவும் சேர்ந்துகொண்டது. பெரியவர் ஊரை விட்டுப் போகவில்லை. அநுராதபுரச் சந்திக்குப் பக்கத்தில் கிடுகால் ஒரு கொட்டில் போட்டார். ஒரு குறடு, ஒரு ஈயக்கோல், ஒரு பல்ப், ஹைட்ரோமீற்றர். கப்பல் பார்த்த கை மொறிஸ் மைனரைப் பார்க்கத் தொடங்கியது. திருமலை ஓட்டோ எலக்றிஷியன் தொழிலில் பாதிப்பேருடைய குருவழியைப் பின்னால் தேடிப்போனால் இப்படி ஒரு டொக்யார்ட் மனிதரிடம்தான் போய் நிற்கும் என்பது என் நம்பிக்கை. வேறு ஊர்க் கராஜ்களில் வயரை முறுக்கி ரேப் சுற்றிவிடும் காலத்திலேயே எங்கள் பக்கத்தில் ஈயம் பத்தாமல் ஒரு பொருத்தும் மூடப்பட்டதில்லை.

நான் சேர்ந்தபோது எனக்குத் தந்த முதல் வேலை பல்ப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பது.

கேட்க விளையாட்டுப் போல இருக்கும். அது பெரிய பாடம். அந்த நாளில் ஹயர் ஓடிய கார்கள் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட். ஓடும்போது மட்டும் நிற்கும் காரைக் கொட்டிலுக்குள் வைத்து எத்தனை நாள் பார்த்தாலும் பயனில்லை. பெரியவர் ஒரு பல்ப்பில் இரண்டு நீள வயர் பூட்டி, ஒன்றை இக்னிஷன் சுவிட்சிலிருந்து கொயிலுக்குப் போகும் வெள்ளை வயரிலும் மற்றதைக் காரின் இரும்பு உடலான பொடியிலும் தொடுத்து, பல்ப்பை என் மடியில் வைப்பார். கார் நிலாவெளிக்குப் புறப்படும். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவுப் பாலம் என்று போகும் வழியெல்லாம் நான் கடலைப் பார்க்கக் கூடாது. பல்ப்பைத்தான் பார்க்க வேண்டும். கார் நிற்கும் கணத்தில் பல்ப் எரிந்துகொண்டிருந்தால் சுவிட்ச் வரையில் கரண்ட் வருகிறது, பிழை அதற்கப்பால். பல்ப்பும் அணைந்தால் பிழை அதற்கு முன்னால். திரும்பி வந்து வயரை ஒரு பொருத்து முன்னே அல்லது பின்னே மாற்றித் தொடுப்போம். மறுபடி நிலாவெளி. இப்படி மூன்று நாலு ஓட்டத்தில் பிழை இரண்டு பொருத்துக்கு நடுவில் அகப்பட்டுவிடும்.

ஓட்டத்துக்கு முன்னால் அவர் சாரதியிடம் கேட்கும் கேள்விகள் மூன்று. “எப்ப நிண்டது? நிண்ட நேரம் கோர்ன் அடிச்சதோ? பிறகு தானா வந்ததோ, எங்கேயும் தட்டின பிறகோ?” இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மைனரில் இரண்டே இரண்டு பியூஸ். கோர்னுக்குப் போகும் கரண்ட் சாவியைக் கேட்காமல் பற்றரியிலிருந்து நேரே பியூஸ் வழியாக வருவது. எஞ்சின் நின்றும் கோர்ன் அடித்தால் பற்றரியும் எர்த்தும் நல்லது. இக்னிஷன் பக்கம் பார். கோர்னும் செத்தால் பற்றரித் தலையிலிருந்து தொடங்கு. எப்போது நின்றது என்பதற்கும் பொருள் உண்டு. சூடானபின் நின்றால், விரிந்து விலகும் பொருத்து. வளைவில் நின்றால், இழுபடும் வயர். குழியில் விழுந்து நின்றால், தளர்ந்த கட்டை. மழையில் மட்டும் நின்றால் அது உப்பு.

நிறங்களையும் அவர் பாட்டுப் போலப் பாடமாக்க வைத்தார். பிரிட்டிஷ் கார்களில் மண்ணிற வயர் பற்றரியிலிருந்து நேரே வரும் உயிர்க் கரண்ட். வெள்ளை சாவி திருப்பினால் வருவது. பச்சை, அந்த வெள்ளை பியூஸைத் தாண்டிய பிறகு. ஊதா, பியூஸ் தாண்டிய உயிர்க் கரண்ட். சிவப்பு பக்க லைட்டுக்கு, நீலம் பெரிய லைட்டுக்கு, கறுப்பு எர்த். துணி சுற்றிய வயர் பழசாகி எல்லா நிறமும் ஒரே தூசு நிறமாகிவிடும்போது, எச்சில் தொட்டுத் துடைத்து நிறம் பார்ப்போம்.

அந்தக் கார்களில் இன்னொன்று இருந்தது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருக்கும். இன்றைய வாகனங்களுக்கு நேரெதிர். பெடியங்கள் பார்த்தால் தவறாகப் பூட்டியிருக்கிறது என்பார்கள். பெரியவர் அதைத் துத்தநாகக் கட்டியை வைத்தே விளக்கினார். ஈரமும் உப்பும் இருக்கிற இடத்தில் நேர்முனையில் இருக்கிற உலோகம்தான் முதலில் கரையும். நேர்முனையைப் பொடியில் பூட்டினால் மெல்லிய செம்பு வயர் தப்பும், தடித்த இரும்பு கொஞ்சம் தேயும். இதை அவர் சொன்னபோது எனக்கு 15 வயது. இதன் முழு அர்த்தம் எனக்கு விளங்கியது சுனாமிக்குப் பிறகு.

எங்கள் மாவட்டத்தில் உப்பு வாகனத்துக்குள் ஏறிய வழி, காற்றுக்கு அடுத்தபடி, பாதை. பாதை என்றால் வாகனங்களை ஏற்றி ஆற்றையும் கழிமுகத்தையும் கடக்கும் மிதவை. திருமலையிலிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல் வழியாக மட்டக்களப்புக்குப் போக நினைத்தவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பாதை ஏற வேண்டும். கிண்ணியாத் துறை, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல். ஏறும்போதும் இறங்கும்போதும் முன் சில்லு தண்ணீருக்குள் இறங்கும். சேறும் உப்பு நீரும் அடியில் அடிக்கும். வீட்டுக்குப் போய் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவியவர் சிலர், மற்றவர்கள் அப்படியே விட்டார்கள்.

1972ஆக இருக்க வேண்டும். கிண்ணியாவிலிருந்து ஒரு காக்கா தன் ஏ40யைக் கொண்டுவந்தார். தினமும் பாதை ஏறி ஹயர் ஓடுபவர். பாதை இறங்கி வெள்ளைமணல் மேட்டில் ஏறும்போது கார் செத்துப்போகும், பயணிகள் இறங்கித் தள்ளுவார்கள், பிறகு ஓடும். இரண்டு பற்றரி மாற்றியாகிவிட்டது. “தம்பி, மூணாவதுக்கு என்னட்டக் காசு இல்ல” என்றார். பெரியவர் என்னை அடியில் படுக்கச் சொன்னார். எஞ்சினையும் சஸியையும் இணைக்கும் பின்னல் எர்த் பட்டியைத் தொட்டேன், கையோடு வந்தது. எஞ்சின் ரப்பர் மேல் நிற்பதால் அந்தப் பட்டி இல்லாமல் எஞ்சினுக்கு எர்த் இல்லை. பட்டி அற்ற பிறகு கரண்ட் அக்சிலரேட்டர் கம்பி வழியாகவும் அது போன்ற வேறு இரும்புத் துண்டுகள் வழியாகவும் திருட்டு வழி தேடிப் போய்க்கொண்டிருந்தது. மேட்டில் எஞ்சின் ஆடும்போது அந்தத் தொடுப்பும் விட்டுவிடும். பழைய பின்னல் வயரில் ஒரு பட்டி செய்து, இரண்டு முனையும் இரும்பு மினுங்கும் வரை சுரண்டி, பூட்டி, மேலே கிறீஸ் பூசினோம். பெரியவர் வாங்கியது இரண்டு ரூபா. அந்தக் காக்காவின் மகன் இன்றைக்கும் என்னிடம்தான் வருகிறார்.

அந்தக் காலத்தில் பாகம் மாற்றிச் சரிபார்க்கும் வசதியே இல்லை. 1960களில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு 1970க்குப் பிறகு இன்னும் இறுகியது. டைனமோ தேய்ந்தால் பெரிய மோட்டார்க் கரியை அரத்தால் ராவிப் பொருத்துவோம். ஆர்மேச்சரைக் கழற்றி மீண்டும் சுற்றுவோம். பற்றரி செத்தால் பெட்டியின் கீலை உருக்கி எடுத்து, கெட்ட பிளேட்டை மட்டும் மாற்றி, மறுபடி கீல் ஊற்றி அடைப்போம். வறுமை கற்பித்த தொழில் அது. அதைப் புகழ எனக்கு விருப்பமில்லை. பிள்ளைகள் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். ஆனால் ஒரு பாகத்தை எறிவதற்கு முன்னால் அது உண்மையிலேயே கெட்டதா என்று நூறு தடவை சோதிக்கும் பழக்கம் அப்போது வந்தது, போகவில்லை.

1977இல் பொருளாதாரம் திறந்தது. யப்பான் வாகனங்கள் வந்தன. டைனமோ போய் ஓல்டனேட்டர், பின்னல் துணி போய் பிளாஸ்ரிக் உறை, இரண்டு பியூஸ் போய் ஒரு பெட்டி நிறைய. எர்த் மறைமுனைக்கு மாறியது. பெரியவர் கொஞ்ச நாள் யப்பான் நிறங்களோடு மல்லுக்கட்டிவிட்டு, கண் பார்வையும் குறைய, கொட்டிலை என்னிடம் தந்தார்.

பிறகு வந்தது போர்.

1983க்குப் பிறகு திருமலையில் ஒரு வாகனத்தின் லைட் என்பது வெறும் லைட் அல்ல. இரவில் சோதனைச் சாவடிச் சென்றிக்குக் கிட்டப் போகும்போது பெரிய லைட்டை அணைக்க வேண்டும், உள் லைட்டைப் போட வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். இதில் ஒன்று பிசகினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் ஓடியவர்களுக்குத் தெரியும். எஞ்சின் நடுச் சென்றியில் செத்து, சாரதி இறங்கி பொனட்டைத் திறக்கப் போனாலும் ஆபத்து. வந்து வந்து போகிற கரண்ட் அதுவரை ஒரு தொல்லையாக இருந்தது. அந்த வருடங்களில் அது உயிர்ப் பிரச்சினை.

1991 என்று நினைக்கிறேன். ஒரு பாடசாலை ஆசிரியர், பழைய மைனர் வைத்திருந்தவர், மாலை 4 மணிக்கு வந்தார். மனைவிக்குப் பிரசவ நாள் நெருங்குகிறது. இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேரலாம். “அண்ணை, உள் லைட் சில நேரம் எரியுது, சில நேரம் இல்லை. அதை மட்டும் பார்த்துத் தாங்கோ. மற்றதெல்லாம் பிறகு பார்ப்பம்.” கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பல்ப்பைக் கழற்றினேன், நல்லது. ஊதா வயரில் கரண்ட் இருந்தது. லைட்டின் எர்த் கூரைத் தகட்டிலும் தூணிலும் தங்கியிருந்தது. தூணின் மூலை உள்ளே கறள். கதவை அடித்துச் சாத்தினால் எரியும், குழியில் விழுந்தால் அணையும். கறளைச் சுரண்டி அதில் மறுபடி நம்பிக்கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. லைட்டிலிருந்து ஒரு தனிக் கறுப்பு வயரை இழுத்து, தரை விரிப்பின் கீழாக எடுத்துப் போய், பற்றரியின் எர்த் முனையிலேயே ஈயம் பத்திப் பூட்டினேன். பொடியை நம்பாத எர்த். பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு சிறிய லைட்டும் தனிச் சுவிட்சோடு வைத்தேன். ஒன்று போனாலும் மற்றது எரியும். முடிய இருட்டிவிட்டது. ஊரடங்குக்கு முன்னால் அவர் வீடு போய்ச் சேர்ந்தார். ஐந்தாம் நாள் இனிப்புப் பெட்டியோடு வந்தார்.

அந்த வருடங்களில் நான் உள் லைட்டுக்குத் தனி எர்த் இழுத்த வாகனங்களுக்குக் கணக்கில்லை. வான், லொறி, உழவு இயந்திரம், அம்புலன்ஸ். என்னைப் பார்த்து மற்றக் கராஜ்காரர்களும் செய்தார்கள். இன்றைக்கும் பழைய ஹயேஸ் வான் ஒன்றின் கூரைத் தகட்டைப் பிரித்தால் காரணம் புரியாத ஒரு கறுப்பு வயர் பற்றரி வரை ஓடுவதைக் காணலாம். அதை வெட்டிவிடாதீர்கள் என்று பெடியங்களிடம் சொல்வேன்.

சண்டைக் காலத்தில் அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்குப் பற்றரியும் எரிபொருளும் கொண்டுபோகத் தடை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டார்கள். எங்கள் துறைக்கு அப்பால் மூதூர் கிழக்கிலும் அதே நிலைதான். செத்த பற்றரியில் ஒரு செல் மட்டும் கெட்டிருந்தால் மற்ற ஐந்தையும் பிரித்துப் பாவிக்கிற வழி கேட்டு ஆட்கள் வருவார்கள். பெரியவரின் கீல் உருக்கும் வித்தை இருபது வருடம் கழித்து மறுபடி உயிர் பெற்றது. 2002 பெப்ரவரி போர்நிறுத்தத்துக்குப் பிறகு தடைகள் தளர்ந்தன; பாவித்த யப்பான் வான்கள் குவிந்தன.

2004 டிசம்பர் 26. அந்தக் காலையைப் பற்றி எழுத என்னால் அதிகம் முடியாது. நிலாவெளியில், உப்புவெளியில், கிண்ணியாவில், மூதூரில் எனக்குத் தெரிந்த வீடுகள் இல்லாமல் போயின. கிண்ணியா ஆஸ்பத்திரியே இடிந்துபோனது. இரண்டு கிழமை கராஜைத் திறக்கவில்லை. திறந்தபோது வாசலில் வாகனங்கள் நின்றன. கடல் உள்ளே போய் வெளியே வந்த வாகனங்கள். சீற்றுக்குள் மணல், டாஷ்போர்ட்டுக்குள் கடற்பாசி. அவற்றின் சொந்தக்காரரில் சிலர் உயிரோடு இல்லை. தம்பியோ மருமகனோ கொண்டுவந்திருந்தார். பிழைப்புக்கு அந்த வாகனம் ஒன்றுதான் மிச்சம்.

பெரியவர் 1942ஐப் பற்றிச் சொன்னதைத்தான் செய்தேன். முதலில் பற்றரியைக் கழற்று. உப்புத் தண்ணீருக்குள் கரண்ட் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் செம்பு கரைகிறது. பிறகு ஒவ்வொரு கப்ளரையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவு, ஒரு தடவையல்ல மூன்று தடவை. வெயிலில் விரி. காய்ந்தபின் முனைகளைத் தீட்டு. பங்குனி வரை இதே வேலை. எல்லாம் ஓடின. நானும் சரி என்றிருந்தேன்.

2005இல் மழை தொடங்கியதும் அவை ஒன்றொன்றாகத் திரும்பி வந்தன. காலையில் நிற்கும், மத்தியானம் ஓடும். கச்சான் காற்று வீசிய மாதங்களில் ஒரு குறையும் சொல்லாத வாகனங்கள் வாடைக்காற்று திரும்பியதும் வந்து வந்து போகத் தொடங்கின. கடலுப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். தரை விரிப்பின் கீழே, வயர்க் கட்டின் உள்ளே மிஞ்சிய உப்பு வெயில் காலத்தில் தூங்கிக் கிடந்து ஈரம் கண்டதும் விழித்திருக்கிறது. அந்த லாச்சி வயரை வெட்டியது அப்போதுதான். பற்றரியின் நேர்முனையிலிருந்து வரும் வயர் அது, எப்போதும் உயிரோடு இருப்பது. பக்கத்தில் ஓடிய எர்த் வயரை வெட்டிப் பார்த்தேன். செம்பு மங்கியிருந்ததே தவிர முழுசாக இருந்தது. நேர்முனையில் இருக்கிறதுதான் முதலில் கரையும் என்று பெரியவர் மைனரின் அடியில் படுத்துக்கொண்டு சொன்னது நினைவு வந்தது. அன்றைக்கு நான் அழுதேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

செம்பில் பச்சையாகப் பிடிக்கும் அதற்கு எங்கள் மொழியில் களிம்பு என்று பெயர். கோணேசர் கோயிலில் பிரசங்கம் செய்பவர்கள் செம்பில் களிம்பு போல உயிரோடு ஆணவம் கலந்திருக்கிறது என்று சித்தாந்தம் சொல்வார்கள். களிம்பு வெளியிலிருந்து ஒட்டியதல்ல, உள்ளேயே இருப்பது என்பது அவர்கள் கருத்து. என் தொழிலில் அது வெளியிலிருந்து வருகிறது. ஒரு திருகாணி தளரும் இடத்தில், ஒரு உறை கீறிய இடத்தில், ஈயம் பத்தாமல் முறுக்கிவிட்ட இடத்தில் நுழைகிறது. நுழைந்தபின் உறைக்குள்ளேயே முழக்கணக்கில் நடந்துபோகும். அதனால் வெட்டினால் செம்பு சிவப்பாகத் தெரியும் வரை வெட்ட வேண்டும். அரைவாசியில் நிறுத்தி ஒட்டுப் போட்டவர்களின் வேலைதான் ஆறு மாதத்தில் திரும்பி வந்தது. என் சொந்த வேலையிலும் சில அப்படி வந்தன. அவற்றுக்கு நான் கூலி வாங்கவில்லை.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர். அடுத்த சில வருடங்களில் வெருகல் வரையுள்ள மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன, அந்த வழியில் பாதைகள் ஓய்ந்தன. அடியில் உப்பு அரித்த எர்த் பட்டிகள் அதோடு குறைந்துவிட்டன. என் புத்தகத்தில் குறித்து வைத்திருக்கிறேன். பாலத்துக்கு முன்னால் மாதத்துக்கு ஏழெட்டு, பின்னால் ஒன்றிரண்டு.

இப்போது வருவன வேறு வாகனங்கள். ஹைபிரிட் காரில் பெரிய பற்றரி இருநூறு வோல்ட் அளவில் இருந்தாலும், அதை எழுப்புவது ஒரு சிறிய 12 வோல்ட் பற்றரிதான். அதன் தலை தளர்ந்தால் முழுக் காரும் படுத்துவிடும். ஸ்கானரைப் பூட்டினால் வோல்ட் குறைந்தது என்று ஒரு இலக்கம் வரும். எங்கே குறைந்தது என்று வராது. அந்த இலக்கத்தைப் பார்த்துப் பற்றரியை மாற்று, கடைசியில் கம்பியூட்டரையே மாற்று என்று ஒவ்வொன்றாக வாங்க வைத்து, லட்சக்கணக்கில் இழந்த பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு. ஸ்கானர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்று இருக்கிறது. அது எந்தத் தெரு என்று சொல்லும். எந்த வீடு என்று கண்டுபிடிப்பது இன்னும் கைதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் 25, 30 வயதான வாகனங்கள் எல்லாம் தூசு தட்டப்பட்டு றோட்டுக்கு வந்தன. 2022இல் 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது, கார்ப் பற்றரியைக் கழற்றி வீட்டில் பல்ப் எரித்து, காலையில் அவசரமாகப் பூட்டி ஓடினார்கள். நாளுக்கு இரண்டு தடவை கழற்றிப் பூட்டிய பற்றரித் தலை எது இறுகி நிற்கும்? அந்த வருடம் நான் பார்த்த, வந்து வந்து போகிற கரண்ட் எல்லாவற்றிலும் பாதிக்கு மேல், தலையைத் தீட்டி இறுக்கியதோடு தீர்ந்தது.

இப்போது என்னிடம் இரண்டு பெடியங்கள் பழகுகிறார்கள். ஒருவன் பாலையூற்று, மற்றவன் கிண்ணியா. மீற்றரில் பழைய பல்ப்பின் வேலையை எப்படிச் செய்வது என்று காட்டியிருக்கிறேன். ஒரு முனையைப் பற்றரியின் எர்த் தலையிலும் மறு முனையை எஞ்சினிலும் வைத்துக்கொண்டு ஸ்ராட் அடிக்கச் சொல். நல்ல எர்த்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஒன்று, இரண்டு என்று காட்டினால் பிழை உன் கையில் இருக்கிறது. ஆனால் நிலாவெளி ஓட்டத்தை மட்டும் நான் விடவில்லை. மடியில் பல்ப்போடு அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். கடலைப் பார்க்காமல் பல்ப்பைப் பார்க்கப் பழகட்டும்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாகனத்தில் கரண்ட் வந்து வந்து போனால், எந்தப் பாகத்தையும் வாங்க முதல், அது எப்போது நின்றது, நின்ற நேரம் கோர்ன் அடித்ததா, எப்படித் திரும்பி வந்தது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பற்றரியின் எர்த் வயரை இரண்டு முனையிலும் கழற்றி, இரும்பு மினுங்கும் வரை சுரண்டிப் பூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள்.